சாதி மறுப்புத் திருமணம் முறிந்தால்: பணம், வீடு, பிள்ளை

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பெண் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி மறுப்புத் திருமண மேடைகளில் நான் நிறையப் பேசியிருக்கிறேன். வாழ்த்தியிருக்கிறேன், சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், காவல் நிலையத்துக்கும் கூடவே போயிருக்கிறேன். ஆனால் அந்தத் திருமணங்களில் சில முறிந்துபோவதைப் பற்றி எந்த மேடையிலும் பேசியதில்லை. நான் மட்டுமல்ல, நம்மில் யாருமே பேசுவதில்லை. இன்றைக்கு அதைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். வீட்டை எதிர்த்து வெளியேறி, சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர். நான்கு ஆண்டுகளாக இருவரும் ஒரே வீட்டில் பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். இடையில் ஒரு குழந்தை. "ஏம்மா இவ்வளவு நாள் பொறுத்துக்கிட்டு இருந்தே?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நான் பிரிஞ்சு வந்துட்டா, என்னைக் காட்டியே எங்க ஊர்ல இனி ஒரு பொண்ணையும் காதலிக்க விடமாட்டாங்க அக்கா."

பாருங்கள் தோழர்களே, தன் ஒருத்தியின் வாழ்க்கை மேல் ஓர் இயக்கத்தின் மானத்தையே ஏற்றி வைத்துக்கொண்டு அந்தப் பெண் நான்கு ஆண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பாரத்தை ஏற்றி வைத்ததில் நமக்கும் பங்கு இருக்கிறது.

"பாத்தியா, அப்பவே சொன்னோமே" என்று சொல்ல ஊர் காத்திருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எந்தக் குடும்பநல நீதிமன்றத்துக்கு வேண்டுமானாலும் ஒரு நாள் வந்து பாருங்கள். வராண்டாவில் நிற்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் சொந்தச் சாதியில், பொருத்தம் பார்த்து, சீர் கொடுத்து, மண்டபம் பிடித்துக் கல்யாணம் செய்தவர்கள். அவர்களைப் பார்த்து "அகமணமுறை தோற்றுவிட்டது" என்று யாராவது சொல்கிறார்களா? அங்கே முறிந்தால் அது இரண்டு பேருடைய பிரச்சினை. இங்கே முறிந்தால் மட்டும் கொள்கையின் தோல்வியா? இந்தக் கணக்கை நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். மணவிலக்கு நம் கோரிக்கை. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டின் தீர்மானங்களில் பெண்ணுக்குச் சொத்துரிமையும் இருந்தது, விரும்பாத மணவாழ்க்கையிலிருந்து விலகும் உரிமையும் இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1951-இல் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு ஒரு முக்கியக் காரணம், இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டது. அந்த மசோதாவின் உயிர் எங்கே இருந்தது? பெண்ணின் சொத்துரிமையிலும் மணவிலக்கு உரிமையிலும்தான். நம் ஊர்களில் ஒரு வசவு உண்டு: "அறுத்துக் கட்டுற சாதி." உழைக்கும் சாதிகள் பலவற்றில் தீர்த்துவிட்டு மறுமணம் செய்துகொள்ளும் வழக்கம் இருந்தது. அதைத்தான் இழிவாகச் சொன்னார்கள். ஒரு பெண் ஒருவனோடுதான் கட்டிக்கிடக்க வேண்டும் என்பது மேல்சாதி ஒழுக்கம். அதை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

சரி, பிரிவது என்று முடிவானால் எப்படிப் பிரிவது? உணர்ச்சியைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பணம், வீடு, பிள்ளை. இந்த மூன்றையும் பேசுகிறேன்.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருத்தத்தின் மூலம் இந்து திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு அங்கீகாரம் கொடுத்தது. மாலை மாற்றினால் போதும், மோதிரம் மாற்றினால் போதும், புரோகிதர் வேண்டாம். இதை வைத்துக்கொண்டு சில தோழர்கள், "எளிமையாகச் சேர்ந்தோம், எளிமையாகப் பிரிவோம்" என்று முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி முடித்துவிடுகிறார்கள். அது மணவிலக்கு ஆகாது. சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் கணவன் மனைவிதான். அடுத்த திருமணம் செய்தால் அது செல்லாது, குற்றமும் ஆகும். தலைவர் முன்னிலையில் பிரிந்தோம் என்பதும் கட்டப்பஞ்சாயத்தில் தீர்த்தோம் என்பதும் ஒன்றுதான். சில சமூகங்களின் வழக்காற்று மணவிலக்கைச் சட்டம் ஏற்கிறது, உண்மை. ஆனால் வழக்கம் இருப்பதை நிரூபிக்க வேண்டும். வேறு வேறு சாதியில் பிறந்த இருவர் எந்தச் சாதி வழக்கத்தைக் காட்டுவீர்கள்? நீதிமன்றம்தான் வழி.

இருவரும் ஒப்புக்கொண்டால் 13-பி பிரிவின் கீழ் மனுப் போடலாம். 1976-இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் இடையே ஆறு மாதம். அந்த ஆறு மாதத்தை, தகுந்த வழக்குகளில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒன்றை மறக்காதீர்கள்: இரண்டாம் கட்டம் முடியும்வரை எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பணமோ சொத்தோ முதல் நாளே முழுவதையும் கைமாற்றாதீர்கள். ஒரு பகுதி முதல் மனுவின்போது, மீதி இரண்டாம் கட்டத்தின்போது நீதிபதி முன்னால் என்று எழுதிக்கொள்ளுங்கள். நம்பிக்கையின்மை என்று இதை நினைக்க வேண்டாம். பின்னால் சண்டை வராமல் இருக்க இது ஒரு ஏற்பாடு.

இப்போது பணம்.

சாதி மறுப்புத் திருமணத்தில் பெண் பெரும்பாலும் மாற்றுத் துணியோடு வெளியே வருகிறார். சீர் இல்லை, நகை இல்லை. வரதட்சணை வாங்காதது பெருமை. ஆனால் பிரியும்போது, சொந்தச் சாதியில் மணந்த பெண்ணுக்குத் திரும்பிப் போக இருக்கும் பிறந்த வீடும் இவருக்கு இருக்காது. அதனால்தான் இவருடைய பணக் கணக்கு மற்றவர்களுடையதைவிடக் கவனமாகப் பார்க்கப்பட வேண்டும்.

முதலில் ஆவணங்கள். திருமணப் பதிவுச் சான்று, ஆதார், கல்விச் சான்றுகள், பிள்ளையின் பிறப்புச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், வீட்டுப் பத்திர நகல், கடன் தாள்கள். இவற்றின் நகல்களைப் பேச்சு முற்றுவதற்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் கணக்கில் ஒருவரே முழுப் பணத்தையும் எடுக்க முடியுமா என்று பாருங்கள். பி.எஃப்., காப்பீடு ஆகியவற்றில் நாமினி யார் என்று பாருங்கள். மணவிலக்குக்குப் பிறகு முன்னாள் இணையர் வாரிசு இல்லை. ஆனால் நாமினிப் பெயர் தானாக மாறாது, நீங்கள்தான் மாற்ற வேண்டும். பிள்ளை மட்டும் இருவருக்கும் எப்போதும் வாரிசு.

நகை. திருமணத்துக்கு முன்போ பின்போ பெண்ணுக்கென்று வந்தது பெண்ணுடைய சொத்து. அதைக் கணவன் வைத்திருந்தால் பாதுகாவலனாகத்தான் வைத்திருக்கிறான், திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடி என்று 1985-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கலப்புத் திருமண உதவித் திட்டத்தில் தாலிக்கென்று அரசு கொடுக்கும் தங்க நாணயமும் அப்படித்தான். "கட்சி வேலைக்கு அடகு வைத்தேன்" என்று ஒரு தோழர் சொன்னார். கட்சி வேலைக்கானாலும் அடகு அடகுதான் தோழர், மீட்டுக் கொடுங்கள் என்றேன்.

ஜீவனாம்சம். இதைப் பற்றி நம் ஆண் தோழர்களிடம் ஒரு கோபம் இருக்கிறது. "சமத்துவம் பேசுகிற பெண் ஏன் பணம் கேட்கிறார்?" என்கிறார்கள். அந்தப் பெண் வேலையை விட்டது எப்போது, யாருக்காக என்று முதலில் எழுதிப் பாருங்கள். குழந்தை பிறந்தது, பார்த்துக்கொள்ளப் பாட்டி இல்லை, ஏனென்றால் இரண்டு வீடும் கதவைச் சாத்திவிட்டது. யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும். விட்டது அவர். பத்தாண்டு கழித்து அவருக்கு அனுபவச் சான்றிதழும் இல்லை, பி.எஃப்.-உம் இல்லை. ஜீவனாம்சம் அந்தப் பத்தாண்டுக்கான பாக்கி. இந்து திருமணச் சட்டத்தின் 24, 25 பிரிவுகளில் வருமானமில்லாத கணவரும் கேட்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகியிருக்கிறது. மணவிலக்கு வழக்கே போடாமலும் இதன்கீழ் மனைவியும் பிள்ளையும் பராமரிப்புத் தொகை கேட்கலாம். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான விஷயங்களைச் சொன்னது. ஒன்று, இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு, தொகை மனுப் போட்ட நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். ஆகவே சம்பளத்தைக் குறைத்துக் காட்டுவது, அண்ணன் பெயரில் கடையை மாற்றுவது போன்ற வேலைகளைச் செய்யாதீர்கள். அது சத்தியப் பிரமாணத்தின் மீது சொல்லும் பொய்.

அடுத்து வீடு.

நிறையப் பேர் நினைப்பதுபோல், மணவிலக்கானால் சொத்தில் பாதி தானாக வந்துவிடாது. கோவா போன்ற ஒருசில பகுதிகளைத் தவிர இந்தியாவில் கணவன் மனைவிக்குப் பொதுச் சொத்து என்ற சட்டமே இல்லை. பத்திரத்தில் யார் பெயரோ அவருடையதுதான். 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வீட்டு வேலையைச் செய்து குடும்பத்தைக் காத்த மனைவியின் உழைப்பும் கணவர் சொத்து வாங்கியதில் பங்களிப்புதான், அவருக்கும் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் அதற்காக வருடக்கணக்கில் வழக்காட வேண்டும். அதனால் மணமேடையிலிருந்து இறங்கியவுடனேயே சொல்கிறேன்: வீடோ மனையோ வாங்கினால் இருவர் பெயரிலும் பத்திரம் போடுங்கள். யார் எவ்வளவு போட்டோம் என்பதற்கு வங்கிப் பரிமாற்றச் சான்று வைத்திருங்கள்.

வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் இருந்தால் இன்னொரு சிக்கல். "வீடு உனக்கு, தவணையை நீ கட்டு" என்று உங்களுக்குள் எழுதிக்கொண்டாலும் வங்கிக்கு அது தெரியாது. ஒருவர் தவணை கட்டாவிட்டால் வங்கி மற்றவரிடமும் வரும். கடனைத் தன் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொள்வது, அல்லது விற்றுக் கடனை அடைத்து மீதியைப் பிரிப்பது, இரண்டில் ஒன்றை முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வாடகை வீடானாலும், வீடு கணவர் பெயரிலேயே இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டில் இருக்கும் உரிமையைக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 பெண்ணுக்குக் கொடுக்கிறது. செலவுக்குப் பணம் தராமல் இருப்பதும், அவருடைய பொருளை விற்றுவிடுவதும் பொருளாதார வன்முறை என்று அதே சட்டம் சொல்கிறது. நடுராத்திரியில் பையோடு வெளியே நிற்க வேண்டியதில்லை. ஒரு தலித் பெண்ணோ, தலித்தை மணந்த பெண்ணோ தனியாக வாடகை வீடு தேடுவது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். "என்ன ஆளுங்க, வீட்டுக்காரர் எங்கே?" என்ற இரண்டு கேள்வியிலேயே கதவு மூடிவிடும். ஆகவே வீட்டை விட்டு முதலில் வெளியேறுகிறவர் ஆணாக இருப்பதுதான் நியாயம். குழந்தையின் பள்ளிக்கூடமும் மாறாது.

நம் வழக்குகளுக்கே உரிய ஒன்று இருக்கிறது. கணவர் தலித், மனைவி வேறு சாதி. உடன்பாட்டில், "ஊரில் இருக்கிற மனையை அவளுக்கு எழுதித் தருகிறேன்" என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் அது பஞ்சமி நிலமாகவோ, அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த மனையாகவோ இருந்தால் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு அதை மாற்ற முடியாது. அந்த மாற்றம் செல்லாமல் போகும், நிலமே கை நழுவும். ஒப்படைப்பு ஆணையையும் நிபந்தனையையும் படித்துவிட்டு முடிவெடுங்கள். அந்த நிலத்தின் வரலாறு உங்கள் இருவரையும்விடப் பெரியது.

பெண்ணின் பிறந்த வீட்டுச் சொத்து. "சாதி மாறிப் போனவளுக்குச் சொத்து இல்லை" என்று சொல்வார்கள். சாதியை விட்டு விலகியதாலோ விலக்கப்பட்டதாலோ ஒருவரின் சொத்துரிமை பறிபோகாது என்று 1850-லேயே சட்டம் வந்துவிட்டது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் வந்தது. தந்தை தானே சம்பாதித்ததை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம், அதைத் தடுக்க முடியாது. ஆனால் காவல் நிலையத்தில் வைத்து, "எழுதிக் கொடுத்துட்டுப் போ" என்று விடுதலைப் பத்திரத்துக்குக் கையெழுத்துக் கேட்டால் அவசரப்பட்டுப் போடாதீர்கள். காதலித்த மகிழ்ச்சியில் பல பெண்கள் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

கடைசியாகப் பிள்ளை. மிகக் கவனமாக இருக்க வேண்டியது இங்கேதான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தந்தைதான் முதல் காப்பாளர், அவருக்குப் பின்தான் தாய் என்ற வாசகத்தை, தந்தை இறந்த பின்புதான் தாய் என்று படிக்கக் கூடாது என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாவற்றுக்கும் மேல், பிள்ளையின் நலன்தான் அளவுகோல். பெற்றோர் இருவரும் எழுதிக்கொண்ட உடன்பாட்டைக்கூட அந்த நலனுக்காக நீதிமன்றம் மாற்றலாம். "குழந்தைக்கு நான் ஒன்றும் கேட்க மாட்டேன்" என்று தாய் ரோசத்தில் எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் உரிமை போகாது. அது தாயுடையது அல்லவே, விட்டுக்கொடுப்பதற்கு.

உடன்பாடு எழுதும்போது தெளிவாக எழுதுங்கள். "அப்பா அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் கொண்டுபோய் விடுவது, பொங்கல் விடுமுறை யாரிடம், கோடை விடுமுறை எப்படிப் பாதி, காய்ச்சல் என்றால் யார் யாருக்குச் சொல்வது என்று எழுதுங்கள். பள்ளிக் கட்டணம், புத்தகம், மருத்துவம் ஆகியவற்றில் யாருக்கு எத்தனை பங்கு, ஆண்டுக்கு எவ்வளவு உயரும் என்று எழுதுங்கள். பதினெட்டு வயதோடு நிறுத்தாமல் பட்டப்படிப்பு முடியும்வரை என்று எழுதுங்கள். நம் வீடுகளில் முதல் பட்டதாரியாக வரப்போகிற பிள்ளை கல்லூரிக் கட்டணத்துக்காக மறுபடி நீதிமன்றத்துக்கு நடக்கக் கூடாது. பணம் தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்டாமல் இருக்காதீர்கள். பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தாதீர்கள். இரண்டும் தனித்தனி. இரண்டுமே பிள்ளைக்குச் சேர வேண்டியவை.

சாதிச் சான்றிதழ். இதை மறந்துவிட்டுப் பிரிகிற இணையர் பலர். தமிழ்நாட்டில் சாதி மறுப்பு இணையரின் பிள்ளைக்குத் தாய், தந்தை இருவரில் ஒருவரின் சமூகத்தைப் பெற்றோரின் அறிவிப்பின் பேரில் பெற வழியிருக்கிறது. தந்தையின் சாதிதான் பிள்ளைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு செய்யக் கூடாது, தலித் தாயால் வளர்க்கப்பட்டு அதே இழிவையும் இடர்ப்பாட்டையும் அனுபவித்த பிள்ளை அதை நிரூபிக்கலாம் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2024 டிசம்பரில் இன்னொரு வழக்கு. தந்தை தலித், தாய் தலித் அல்லாதவர். பிரிந்து, பிள்ளைகள் தாயிடம் வளர்ந்தார்கள். மணமுறிவை அளித்த உச்ச நீதிமன்றம், பிள்ளைகளுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழை வாங்கிக் கொடுக்க வேண்டிய பொறுப்பு தந்தையுடையது என்று ஆணையிட்டது. ஆகவே உடன்பாட்டிலேயே ஒரு வரி எழுதுங்கள்: சான்றிதழுக்கு வேண்டிய ஆவணங்களைத் தந்தையோ தாயோ இத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும். முடிந்தால் பிரிவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். கோபத்தில் அந்த ஒரு காகிதத்தைக் கொடுக்காமல் இருந்தால், இட ஒதுக்கீட்டில் பிள்ளைக்கு உள்ள இடத்தை நீங்களே பறித்துவிடுகிறீர்கள்.

அடுத்தது எந்தச் சட்டத்திலும் இல்லாதது. பிரிந்ததும் ஒரு பக்கத்துத் தாத்தா பாட்டி கதவைத் திறப்பார்கள். மகளையும் பேரனையும் ஏற்றுக்கொள்வார்கள், ஒரு நிபந்தனையோடு: அந்த அப்பனின் பெயர் இந்த வீட்டில் எடுபடக் கூடாது. தலைப்பெழுத்தை மாற்றுவார்கள். "நீ நம்ம ஆளு" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். சேரிப் பக்கம் அனுப்பமாட்டார்கள். ஏழு வயதுப் பையன் ஒருவன் நீதிமன்ற வளாகத்தில் தன் அப்பாவைப் பார்த்து, "உங்க வீட்ல நான் சாப்பிடக் கூடாதாம்" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் நின்ற அந்தத் தாய் தலையைக் குனிந்துகொண்டார். அவர் சாதியை எதிர்த்து வீட்டை விட்டு வந்தவர்தான். திரும்பிப் போக வேறு இடம் இல்லாததால் போனவர்.

கோபம் வரும்போது "உன் அப்பன் புத்தி எங்கே போகும்" என்கிறோமே, அந்தப் "புத்தி"யில் சாதி ஒளிந்திருக்கிறது. தோழர்களே, இணையர் மீது ஆயிரம் குறை சொல்லுங்கள். அவருடைய பிறப்பை மட்டும் குறையாகச் சொல்லாதீர்கள். அந்தப் பிறப்பில் பாதி உங்கள் பிள்ளைக்குள் இருக்கிறது. இரண்டு தலைப்பெழுத்தையும் பிள்ளை வைத்துக்கொள்ளட்டும். இரண்டு வீட்டிலும் சாப்பிடட்டும். இதையும் உடன்பாட்டில் எழுதலாம், நான் எழுதியிருக்கிறேன்: பிள்ளையின் முன்னால் மற்றவரின் சாதியையோ குடும்பத்தையோ இழிவாகப் பேசுவதில்லை.

அந்தத் தாய் ஏன் அங்கே போனார்? நாம் அவருக்கு வேறு இடம் வைத்திருக்கவில்லை. திருமணத்துக்கு நூறு பேர் வந்தோம். பிரிவு என்று தெரிந்ததும், "இரண்டு பேரும் நமக்கு வேண்டியவர்கள், நாம் தலையிட வேண்டாம்" என்று ஒதுங்கினோம். பெரும்பாலும் ஆண் தோழர் அமைப்பில் இருக்கிறார், கூட்டங்களுக்கு வருகிறார், பெண் காணாமல் போகிறார். ஒதுங்குவதும் ஒரு பக்கம் சாய்வதுதான்.

நாம் செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. திருமணத்தை நடத்தி வைக்கும் அன்றே பதிவு செய்ய வைப்போம். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு கட்டாயம். ஒவ்வொருவருக்கும் தனி வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்போம். பிரிகிறார்கள் என்றால் பஞ்சாயத்து பண்ணாமல், இருவருக்கும் தனித்தனி வழக்கறிஞரைக் காட்டுவோம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேட்டால் போதும், அந்த இடத்தைக் காட்டுவோம். வாடகை வீட்டுக்கு நாம் பேசுவோம், முன்பணத்துக்குக் கை கொடுப்போம். பிள்ளையை ஒப்படைக்கும் சனிக்கிழமை இருவரும் முகம் பார்க்க முடியவில்லை என்றால், நடுவில் ஒரு தோழரின் வீடு இருக்கட்டும்.

முதலில் சொன்ன பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஒப்புதல் மனுதான் போட்டோம். கணவர் வாடகை வீட்டை அவருக்கே விட்டு வெளியேறினார், முன்பணத்தையும் கேட்கவில்லை. பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கியாகிவிட்டது. இப்போது அவர் வேலைக்குப் போகிறார். போன ஆண்டு அவர் ஊரிலிருந்து ஒரு பெண் வீட்டை எதிர்த்துக் கிளம்பி வந்தார். முதல் இரண்டு வாரம் தங்கியது இவர் வீட்டில்தான். திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் இவர்தான்.